மயக்க மருந்து நர்ஸ் ஆகணும் என்று வந்த பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் அடுத்த வீட்டுப் பிள்ளை போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மாமி, நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் ஆகணும்னா எந்த குரூப் எடுக்கணும்?" நான் நைட் டியூட்டி முடிந்து வந்து கட்டஞ்சாயா போட்டுக்கொண்டிருந்தேன். தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலுமாக எனக்கு 19 வருஷம் ஆகிறது, அதில் ஆறு வருஷம் வளைகுடாவில். அவள் வயதில் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கசப்பான விஷயம். அவள் போனில் பார்த்த வேலை அமெரிக்காவில் இருக்கிறது, நம் குமரி மாவட்டத்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடையாது. நம் நாட்டில் மயக்க மருந்து கொடுப்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் அனஸ்தீசியா படித்த டாக்டர். நர்ஸ் பக்கத்தில் நிற்போம், மருந்து ஏற்றி வைப்போம், மானிட்டரில் கண் இருக்கும். எவ்வளவு கொடுப்பது என்ற முடிவு நம்முடையதல்ல. அமெரிக்காவில் சி.ஆர்.என்.ஏ. (சர்ட்டிஃபைடு ரெஜிஸ்டர்டு நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட்) என்ற தகுதி பெற்ற நர்ஸே மயக்கம் கொடுத்து, ஆபரேஷன் முடியும்வரை கூட இருந்து, நோயாளியை எழுப்பியும் விடுகிறார். அந்தப் பட்டப்பெயர் அங்கே 1956 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கிலும் மயக்க மருந்து நர்ஸ்கள் உண்டு.

அதனால் அவளிடம் திருப்பிக் கேட்டேன்: "மக்களே, உனக்கு வேண்டியது மயக்க மருந்தா, நர்ஸ் வேலையா, அமெரிக்காவா?"

மயக்க மருந்துதான் என்றால் நீட் எழுதி டாக்டர் ஆவது நேர்வழி. உள்ளூரிலேயே மயக்க மருந்து மிஷின் பக்கம் நின்றால் போதும் என்றால் பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி இருக்கிறது. நல்ல படிப்பு, நல்ல வேலை. ஆனால் இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். பெயரில் 'அனஸ்தீசியா' இருக்கிறதே என்று அதில் சேர்ந்துவிட்டு, பிறகு அமெரிக்கா போகலாம் என்று நினைப்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத முடியாது. முதலில் பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும்.

அவள் மூன்றும் வேண்டும் என்றாள். சரி, அப்படியென்றால் வழி நீளம்.

பிளஸ் ஒன்னில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் இருக்கிற குரூப் எடுக்க வேண்டும். பியூர் சயின்ஸ் எடுத்தாலும் போதும், கணக்குப் பாடம் கட்டாயமில்லை. அதற்காகக் கணக்கைக் கைகழுவிவிடக் கூடாது. அன்றைக்கே காலண்டர் தாளைக் கிழித்து ஒரு கணக்குக் கொடுத்தேன். 50 மில்லி சிரிஞ்சில் பிரஷரை ஏற்றுகிற நார்அட்ரினலின் மருந்து 4 மில்லிகிராம் இருக்கிறது. நோயாளி 60 கிலோ. கிலோவுக்கு நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டும். மருந்தை ஏற்றுகிற பம்பில் மணிக்கு எத்தனை மில்லி வைப்பாய்?

பேனாவைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் போட்டாள். "45, மாமி."

விடை 4.5. ஒரு மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம், அப்படியென்றால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம், நிமிஷத்துக்கு 6, மணிக்கு 360. 360-ஐ 80-ஆல் வகுத்தால் நாலரை. அவள் சொன்னபடி வைத்திருந்தால் பத்து மடங்கு போயிருக்கும், பிரஷர் கண்டபடி ஏறியிருக்கும். மறுபடி போட்டு, புள்ளி எங்கே நழுவியது என்று அவளே கண்டுபிடித்தாள். இதில் எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் எதுவும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு, பக்கத்தில் அலாரம் அடிக்கும்போது போட வேண்டும், அவ்வளவுதான். பிளஸ் ஒன் வேதியியலில் வாயு நிலைமை என்று ஒரு பாடம் வரும், அதையும் தள்ளிவிடாதே. 10 லிட்டர் சிலிண்டரில் 100 பார் அழுத்தம் காட்டினால் ஏறக்குறைய 1000 லிட்டர் ஆக்சிஜன் மிச்சம். நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 200 நிமிஷம் வரும். ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு நோயாளியோடு ஏறுகிறபோது இந்தக் கணக்கு வேண்டும்.

பிளஸ் டூ முடித்தால் பி.எஸ்சி. நர்சிங், நாலு வருஷம். நர்சிங் கவுன்சில் கேட்பது மூன்று அறிவியல் பாடத்திலும் சேர்த்து 45 சதவீதம்தான். ஆனால் அரசுக் கல்லூரி இடம் மார்க்கை வைத்துக் கவுன்சிலிங்கில் கிடைப்பது, அங்கே 45-ஐ வைத்து ஒன்றும் நடக்காது. ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ கிடைத்தால் அதோடு முடிந்துவிடாது, மேலே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம் செய்து பட்டம் வாங்கலாம். அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் பட்டம் வேண்டும், அதனால் நேராக பி.எஸ்சி. போவது சுருக்கு.

கல்லூரி தேடும்போது பஸ்ஸையும் கட்டடத்தையும் பார்க்காமல், எந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போஸ்டிங், அங்கே எத்தனை படுக்கை, ஐ.சி.யூ. உண்டா என்று கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. எவரெஸ்ட் ஏற 1922-லும் 1924-லும் போன டாக்டர் சோமர்வெல் கத்தி பிடித்தது நெய்யூரில்தான்!

இனி அந்த வேலையின் முகம். மயக்கம் கொடுப்பதை ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு ஆசைப்படு என்பேன். முதலில் மாஸ்க் வைத்துச் சில நிமிஷம் ஆக்சிஜன் மட்டும். அப்புறம் புரோபோஃபால் என்கிற மயக்க ஊசி, பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். இமையைத் தொட்டால் அசைவு இருக்காது. மூச்சும் நிற்கும். அந்த நிமிஷம் முதல் அவருடைய மூச்சு உன் கையில். மானிட்டரின் 'பீப்' சத்தம் ஆக்சிஜன் இறங்க இறங்கத் தடித்துக்கொண்டே வரும். திரையைப் பார்க்காமலே எங்களுக்கு முதுகு சில்லிடும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போய், நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் தியேட்டரில் யாராவது பேசுவார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று தலையால் அடித்துக்கொண்டாலும், "ரெண்டு பழம்பொரிதானே" என்று தின்றுவிட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான். மயக்கத்தில் வயிற்றில் கிடப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இதைப் பார்த்துவிட்டு எல்லாரும் செய்கிற தப்பு, படித்து முடித்ததும் தியேட்டர் நர்ஸாகச் சேர்வது. நானும் செய்தேன். முதல் 11 வருஷம் தியேட்டர்தான், மயக்க மருந்துக்கு அதுதானே கிட்ட என்று நினைத்தேன். அமெரிக்கப் படிப்புக்கு அவர்கள் கேட்பது ஐ.சி.யூ. அனுபவம்: வெண்டிலேட்டர், பிரஷரை நேராக அளக்கத் தமனியில் போடுகிற ஆர்ட்டீரியல் லைன், பிரஷருக்கு ஓடுகிற மருந்துகள், இதையெல்லாம் தினமும் கையாண்டவராக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷம், அதுவும் அமெரிக்க மண்ணில் பார்த்தது. அப்படியென்றால் இங்கே ஐ.சி.யூ.வில் நிற்பது வீணா என்று கேட்டாள். வீணாகாது, அங்கே ஐ.சி.யூ. வேலை கேட்கும்போது இதுதான் பேசும்.

இன்னொரு தப்பும் செய்தேன். ஓர் இடத்தில் ஆறு மாத 'அனஸ்தீசியா நர்ஸ்' சர்டிபிகேட் என்று 45,000 ரூபாய் கட்டினேன். வளையல் அடகில் வந்த பணம். வளைகுடா இன்டர்வியூவில் அந்தத் தாளை எடுத்து நீட்டியபோது, இன்டர்வியூ எடுத்த அம்மா அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பைலுக்கு அடியில் வைத்துவிட்டு, "வெண்டிலேட்டர் எத்தனை வருஷம்?" என்றார். யாராவது குறுகிய கால கோர்ஸ் விற்றால், நர்சிங் கவுன்சில் அங்கீகரித்ததா என்று முதலில் பார். கவுன்சிலே ஒரு வருஷ கிரிட்டிக்கல் கேர் (ஐ.சி.யூ. நர்சிங்) டிப்ளமோவும், இரண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் வைத்திருக்கிறது. செலவு செய்வதென்றால் அதில் செய்.

பி.எஸ்சி. முடிந்தால் 21, 22 வயது. கவுன்சிலில் பதிவு, ஐ.சி.யூ.வில் இரண்டு மூன்று வருஷம், அதற்கிடையே என்கிளெக்ஸும் ஆங்கிலத் தேர்வும். என்கிளெக்ஸை இந்தியாவிலேயே எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுவதைவிடப் பேசுவதுதான் நம் பிள்ளைகளுக்கு இடிக்கும். நான் தமிழ் மீடியம், எனக்குத் தெரியும். அப்புறம் விசா வரிசை, அது வருஷக்கணக்கில் இழுக்கும். அங்கே போய் ஐ.சி.யூ., பிறகு மயக்க மருந்துப் படிப்பு மூன்று வருஷம். 2022 முதல் அதில் சேர்கிறவர்கள் டாக்டரேட் பட்டமாகத்தான் படிக்க வேண்டும், கடைசியில் தேசியத் தேர்வு ஒன்று. அந்த மூன்று வருஷமும் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பது நடக்கிற காரியமில்லை, கடன் வாங்க வேண்டியிருக்கும். கூட்டிப் பார்த்தால் 35 வயது ஆகலாம். இதைச் சொன்னதும் வாசலில் நின்ற அவள் அம்மை, "அப்போ கல்யாணம்?" என்றாள். "மைனி, அந்தக் கணக்கு என் கணக்கில் இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

வரிசை நகரவில்லை என்றால் ஜெர்மனியும் இருக்கிறது. அங்கே நர்ஸாகப் பதிவு பெற்ற பிறகு ஐ.சி.யூ.வும் அனஸ்தீசியாவும் சேர்ந்த இரண்டு வருஷச் சிறப்புப் பயிற்சி உண்டு. டாக்டரோடு சேர்ந்து நிற்கிற வேலை, தனியாக மயக்கம் கொடுப்பதல்ல. மொழி படிக்க வேண்டும்.

கடைசியாக, கிளம்பும்போது அவளிடம் மார்க் ஷீட்டைக் கேட்டேன். அதில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்தில் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. அமெரிக்கக் காகிதம் எல்லாம் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் ஒவ்வொரு இடத்திலும் நிற்க வைப்பார்கள். எனக்கு ஓர் எழுத்துக்காக எட்டு மாதம் போனது. பாஸ்போர்ட் எடுக்கும் முன்னால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடு என்றேன். மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு, கணக்குப் போட்ட காலண்டர் தாளையும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள். என் சாயா ஆறிப்போயிருந்தது.