டி.டி.சி.எஸ். சிகிச்சை: பஞ்சில்தான் பாதி வேலை

மனச்சோர்வுக்கு மருத்துவர் டி.டி.சி.எஸ். எழுதிக் கொடுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. தலையில் இரண்டு ஈரப் பஞ்சுறைகளை வைத்து, அவற்றின் வழியே மூளைக்கு மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்தும் முறை இது. மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைக்கும் மின் அதிர்ச்சிச் சிகிச்சை (ஈ.சி.டி.) வேறு, இது வேறு. இங்கே ஓடுவது பொதுவாக 2 மில்லி ஆம்பியர். விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் தோல் புண்ணாவதும் கருவி பாதியில் நின்றுபோவதும் பெரும்பாலும் பஞ்சில்தான் தொடங்குகின்றன.

மண்டையோட்டில் உலோகத் தகடு, பேஸ்மேக்கர், வலிப்பு நோய், முன்பு எப்போதாவது வந்த மிகை எழுச்சி (மேனியா எனும் அளவுமீறிய உற்சாக நிலை) இவற்றில் ஏதாவது இருந்தால் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. அது மின்சாரத்தைத் தடுக்கும். அலசி, உலர்த்தி, பஞ்சு வைக்கும் இடத்தில் முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். கீறலோ பருவோ இருந்தால் அன்று வேண்டாம்.

பஞ்சு 5×7 செ.மீ. என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 6 மில்லி சலைன் (உப்புக் கரைசல்) போதும். கண்ணளவு வேண்டாம், சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது. வழிந்தால் ஈரம் தலையில் பரவி, போக வேண்டிய இடத்தை விட்டு மின்சாரம் தோல் மேலேயே ஓடிவிடும். போதாமல் ஒரு மூலை காய்ந்தால் மின்சாரம் முழுதும் மிச்சமுள்ள ஈரத்தில் குவியும். தோல் வெந்துபோவது இப்படித்தான். உப்பு குறைந்த குழாய்த் தண்ணீரும் இதே ஆபத்தைத் தரும். உள்ளே இருந்து மின்சாரம் தரும் ரப்பர் தகடு பஞ்சுறைக்கு வெளியே எட்டிப் பார்க்கவே கூடாது.

ஆனோடு (நேர்முனை) இடப்பக்கம் எஃப்3 புள்ளியில், கேத்தோடு (எதிர்முனை) வலப்பக்கம் எஃப்4 புள்ளியில் அல்லது வலப்புருவத்துக்கு மேலே. எஃப்3, எஃப்4 என்பவை தலையை அளந்து குறிக்கும் புள்ளிகளின் பெயர்கள். முதல் நாள் மருத்துவக் குழு அளந்து வைத்த இடத்தைத் தலைப்பட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். வயர்களை இடம் மாற்றிச் செருகினால் கருவி எச்சரிக்காது, அதற்குத் தெரியாது. தினமும் இரண்டு முறை பாருங்கள்.

மின்சாரம் சுமார் 30 வினாடியில் மெல்ல ஏறி, 30 நிமிடம் நிற்கும். அரிப்பும் குறுகுறுப்பும் சகஜம். ஒரே புள்ளியில் சுருக்கென்று எரிந்தால் அப்படியல்ல: பொத்தானை அழுத்தி நிறுத்தி, ஈரத்தைப் பாருங்கள். ஓடும்போது பட்டையைப் பிடுங்கினால் கண்ணில் ஒளி வெட்டும், தலையில் அதிர்வு தெரியும். கழற்றிய பின் தோல் சற்றுச் சிவந்திருப்பது தானே மறையும்; கொப்புளமோ பழுப்புப் புள்ளியோ தெரிந்தால் அடுத்த அமர்வு வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓரிரு நாளில் பலன் தெரியாது. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் வாரநாட்களில் 15 அமர்வுகள், பிறகு வாரம் ஒன்றாக 7 கொடுத்தார்கள். போலிச் சிகிச்சையைவிட மேலாக இருந்தது. எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு இணை என்று நிறுவ முடியவில்லை. ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இருமுறை வைப்பதும் மின்சாரத்தைக் கூட்டுவதும் வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியில் தானே செய்துகொள்வது இன்னும் மோசம். தோலின் தடை மாறினாலும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்க அதில் எதுவுமில்லை.

தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல், பேச்சும் செலவும் திடீரென்று கூடினால் அமர்வை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரை அழையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த அமர்வு வரை பொறுக்கக் கூடாது. தனியாக இருக்காமல், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.