இரண்டு முக்கோணம், நடுவில் சூரியன்: வெளிநாட்டுப் பள்ளிக்கு ஓவியம் சொல்லித்தரப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சேலத்தில் நான் நடத்தும் ஓவிய வகுப்புக்கு வருஷத்துக்கு நாலைந்து பேராவது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சார், வெளிநாட்டில் ஏதாவது கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ரெண்டு மாசம் டிராயிங் சொல்லித்தரப் போகலாம்னு இருக்கேன். என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" கல்லூரி முடித்த பிள்ளைகள், ஐ.டி. வேலையில் சலித்துப்போனவர்கள், ஓய்வுபெற்ற ஒரு வங்கி மேலாளர் என்று எல்லா வகையும் உண்டு. எதை எடுத்துப் போவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை, நானும் கேட்காமல்தான் போனேன்.

நான் போனது இலங்கை மலையகத்துக்கு. ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆறு வாரம் இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் சனிக்கிழமை வகுப்பு எடுத்துவருகிறேன். கீழே இருப்பதில் பாதி நானே செய்த தவறுகள். மீதி, வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஏற்காட்டுக்கு வந்தவர்கள் செய்ததை ஓரமாக நின்று பார்த்தவை.

போர்டில் மாதிரி வரைவது

ஏற்காட்டில் என் முதல் வகுப்பு. "உங்க ஊர் மலையை வரைங்க" என்றேன். இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒரே படத்தை வரைந்து கொடுத்தார்கள். இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே வளைந்து ஓடும் ஆறு, ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம், மேலே நாலு காக்கா. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. வகுப்பு ஜன்னல் வழியே தெரிவதெல்லாம் சில்வர் ஓக் மரமும், அதில் ஏறிய மிளகுக் கொடியும், அடியில் காப்பிச் செடியும்தான். தென்னை எங்கிருந்து வந்தது? சேர்வராயன் மலைகூட முக்கோணம் கிடையாது. அஸ்தம்பட்டிப் பக்கம் எந்த மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தாலும் தலை தட்டிவிட்ட மாதிரிதான் நீளமாகக் கிடக்கும்.

அந்த முக்கோணத்தை அவர்களுக்குக் கொடுத்தது யாரோ அல்ல, என்னைப் போன்ற டிராயிங் மாஸ்டர்கள்தான். தமிழ்நாடு முழுக்க மூன்று தலைமுறையாக இதே படத்தைப் போர்டில் போட்டுவருகிறோம்.

இது தெரிந்திருந்தும் ஹட்டனில் அதையே செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "வீடு வரையலாம்" என்று சொல்லி, போர்டில் ஓட்டு வீடு ஒன்று, முன்னால் இரண்டு பூச்செடி, சுற்றி வேலி என்று போட்டுக் காட்டினேன். ஐந்தாம் தரத்துப் பிள்ளை ஒன்று எழுந்து, "சேர், எங்க வீட்டுக்குப் பத்துக் கதவு. எல்லாத்தையும் கீறணுமா?" என்றாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருப்பது லயத்தில். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கிடக்கும் அறைகள். ஓர் அறைதான் ஒரு குடும்பத்துக்கு வீடு. நான் போர்டை அழித்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியுதோ அப்படி வரை" என்றேன். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கூரை போட்டாள். ஏழு கதவுக்கு மேல் இடமில்லை. இன்னொரு தாள் கேட்டு வாங்கி, பசை போட்டு ஒட்டி, மீதி மூன்றையும் வரைந்தாள். நாலாவது கதவுக்கு மட்டும் நீலம். அதற்கு முன்னால் கயிற்றில் ஒரு சிவப்புத் துணி. அந்த ஆறு வாரத்தில் நான் பார்த்த நல்ல படம் அதுதான், என் பங்கு அதில் போர்டை அழித்தது மட்டும்.

அதனால் மாதிரி வரையாதீர்கள். முதல் பத்து நிமிஷம் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய்ச் சும்மா பார்க்கச் சொல்லுங்கள். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

அங்கே ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார்

கிராமத்துப் பள்ளி என்றால் ஓவியமே இருக்காது, நாம் போய்த்தான் தொடங்கிவைக்கப் போகிறோம் என்ற நினைப்பு நிறையப் பேருக்கு உண்டு. இலங்கையில் சித்திரம் என்பது முறையான பாடம். ஆறாம் தரத்திலிருந்து அழகியல் பாடத்தில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சை (நம் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மாதிரி) வரைக்கும் அது போகும். சிறிய தோட்டப் பாடசாலைகளில் அதற்கு ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் குறைவு வேறு, இல்லாமை வேறு. நான் போன பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு சித்திர ஆசிரியை வருவார். அதைக்கூட விசாரிக்காமல் வாட்டர் கலருக்கு ஆறு வார அட்டவணை போட்டுக்கொண்டு இறங்கினேன். அதிபர் (தலைமையாசிரியரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) மரியாதைக்காக அந்த ஆசிரியையின் பாடவேளைகளை எனக்குக் கொடுத்துவிட்டார். மூன்றாவது வாரம் அந்த அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "சேர், பிள்ளைகளுக்குத் தவணைப் பரீட்சை வருது." அவர் நடத்திக்கொண்டிருந்த பாடத்தை நான் நடுவில் உடைத்திருந்தேன்.

நம் ஊரிலும் இதேதான். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காகப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், சொற்பச் சம்பளம். ஏற்காட்டில் தன்னார்வலர் வரும்போதெல்லாம் காலியாவது இப்படி ஒருவருடைய பாடவேளைதான்.

போகும் முன் அந்தப் பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை பேசுங்கள். உங்களை அனுப்பும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் பேசியது கணக்கில் வராது. "நீங்கள் இப்போது எதை நடத்துகிறீர்கள், எதற்கு இன்னொரு கை வேண்டும்?" என்று கேளுங்கள். வகுப்பில் அவர் நடத்த, நீங்கள் பிள்ளைகளுக்கு இடையே உட்கார்ந்து உதவுவதுதான் நல்ல ஏற்பாடு. நீங்கள் கிளம்பிய பிறகும் வகுப்பு நிற்காது.

நம்ம தமிழ்தானே, நம்ம ஆளுங்கதானே

மலையகத்துக்குப் போகிற தமிழ்நாட்டுக்காரருக்கு என்றே உள்ள தவறு இது. மொழி ஒன்று, மலை ஒன்று, வீட்டுக்கு வீடு "எங்க தாத்தா சேலம் சில்லா" என்று சொல்லக் கேட்கலாம். உடனே கண் கலங்கி, "நீங்கல்லாம் எங்க ஊர்க்காரங்க" என்று ஆரம்பிக்கிறோம். அவர்களுடைய முன்னோர் போய் இருநூறு வருஷம் ஆகிறது, 2023இல் 'மலையகம் 200' என்று அதை நினைவுகூர்ந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, பல பத்தாண்டு போராடி இலங்கைக் குடியுரிமை வாங்கியவர்கள். அவர்களை "இந்தியாக்காரர்" ஆக்குவது நமக்குப் பாசம், அவர்களுக்குப் பழைய காயம். மலையகத் தமிழர் என்றுதான் சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொன்னால் போதும்.

மொழி விஷயம் சிரிப்புக்குரியது. முதல் நாள் "நோட்டை எடுங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போடுங்க, தப்பா வந்தா ரப்பரால அழிங்க" என்றேன். வகுப்பு பாதி புரிந்து பாதி புரியாமல் பார்த்தது. அங்கே நோட்டு கொப்பி, ஸ்கேல் அடிமட்டம், ரப்பர் அழிறப்பர், பேனா பேனை, நாற்காலி கதிரை. சார்கூடச் சேர்தான். ஒரு வாரம் வாயை மூடிக் காதைத் திறந்துவைத்திருந்தால் தானாக வந்துவிடும். "அது தப்பு, இதுதான் சரியான தமிழ்" என்று திருத்தப் போனவர் ஒருவரைத் தெரியும். அவர் வகுப்பில் பிறகு பிள்ளைகள் பேசவே இல்லையாம்.

பழங்குடி என்றாலே வார்லியா?

ஏற்காட்டுக்கு வரும் தன்னார்வலர்களில் பலர் பையில் வார்லி ஓவிய மாதிரியோடு வருகிறார்கள். "இவர்கள் பழங்குடிப் பிள்ளைகள், பழங்குடி ஓவியம் கற்றுக்கொள்ளட்டும்" என்று நினைப்பு. வார்லி, மகாராஷ்டிரத்தின் தானே, பால்கர் மாவட்டங்களின் பக்கத்து மக்களுடையது. சேர்வராயனில் இருப்பவர்கள் மலையாளிகள் (கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்ததாகத் தங்கள் கதை சொல்வார்கள்). அவர்களுக்கு வார்லி, ஜப்பான் ஓவியம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். அதே வகுப்பில் பதினைந்து புள்ளிக் கோலத்தைக் கை எடுக்காமல் இழுக்கும் பெண் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

ஹட்டனில் என் கதையும் அதுதான். ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது, என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா காமன் கூத்துக்குக் கிரீடம் செய்கிறவர், வேஷக்காரர்களுக்கு முகத்தில் வர்ணம் போடுகிறவர் என்று. தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் கூத்து அது. பொன்னர் சங்கரும் அங்கே ஆடுகிறார்கள், நம் கொங்கு நாட்டுக் கதைதான். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவர், அட்டையையும் ஜிகினாத் தாளையும் வைத்து ஒரு மணி நேரத்தில் கிரீடம் ஒன்று செய்து காட்டினார். முதல் வாரமே அவரைக் கூப்பிட்டிருந்தால் எனக்கு அங்கே பெரிதாக வேலையே இருந்திருக்காது.

பை, பேப்பர், பனி

இனி சுருக்கமாகச் சொல்லக்கூடியவை.

மலையில் போஸ்டர் கலர் காயாது. பனி இறங்கினால் சார்ட் ஈரம் குடித்து அப்பளம் போல் வளையும். கிரேயானும் ஆயில் பேஸ்டலும் போதும். முடிந்தவரை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள், தீர்ந்தால் மறுபடி அங்கே கிடைக்க வேண்டும் அல்லவா? நான் இங்கிருந்து சுமந்துபோன விலையுயர்ந்த பிரஷ்கள் அதிபரின் அலமாரியில் பூட்டித்தான் இருந்தன, "பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்" என்று. கடைசியில் நன்றாக ஓடியது தேயிலைத் தூள். கெட்டியாகக் கொதிக்கவைத்தால் அழகான பழுப்புச் சாயம். அதில் துருப்பிடித்த ஆணியை இரண்டு நாள் ஊறப்போட்டால் கறுப்பாகிவிடும். இங்கே ஏற்காட்டில் கரியும் செம்மண்ணும் அந்த வேலையைச் செய்கின்றன.

விசா. "சம்பளம் வாங்கவில்லையே, டூரிஸ்ட் விசா போதாதா" என்று நினைக்காதீர்கள். சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே பார்க்கும் நாடுகள் நிறைய. தாய்லாந்தில் தன்னார்வலருக்கும் வேலை அனுமதி வேண்டும். இலங்கை என்றால் சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது, என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பள்ளிக்குள் நுழைய அங்குள்ள கல்வி அலுவலகத்தின் அனுமதி தனி. காவல்துறைச் சான்றிதழை யாரும் கேட்காவிட்டாலும் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக வாங்கி வையுங்கள். அதைக் கேட்காத பள்ளியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

விடுமுறை. நமக்கு ஏப்ரல், மே ஓய்வு என்று டிக்கெட் போட்டுவிடுகிறோம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டையொட்டிப் பள்ளி மூடியிருக்கும். புரட்டாசி, ஐப்பசியில் நேபாளம் போனால் தசைன், திகார் என்று அங்கேயும் பூட்டுத்தான்.

பணம். தன்னார்வலரிடமே ஒரு தொகை வசூலிக்கும் அமைப்புகள் இருக்கின்றன, அதில் தப்பில்லை. அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள், சுற்றி வளைத்துப் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். "ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம்" என்று விளம்பரம் வந்தால் இரண்டு மடங்கு யோசியுங்கள். கம்போடியாவிலும் நேபாளத்திலும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது வெளியே வந்த விஷயம். பார்க்க வருகிறவர்களின் பணத்துக்காகவே பிள்ளைகளை வைத்திருந்த இடங்களும் அவற்றில் உண்டு.

சுவர்

எல்லோருக்கும் கடைசி வாரத்தில் சுவர் ஓவியம் வரைந்தே ஆக வேண்டும். படம் எடுத்துப் போட அதுதான் வசதி. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் ஒரே சுவரில் அடுத்தடுத்து மூன்று குழுக்கள் வரைந்ததைப் பார்த்தேன். யானை, அப்புறம் உலக உருண்டை, அப்புறம் பட்டாம்பூச்சி. ஓதம் ஏறும் சுவரில் எனாமல் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. தோல் உரிகிற மாதிரி உரிந்து, பட்டாம்பூச்சிக்குள்ளிருந்து யானையின் காது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் வெள்ளையடித்த செலவு பள்ளிக்கு. மூன்று படத்திலும் பிள்ளைகளின் வேலை, கோட்டுக்குள் வர்ணம் நிரப்பியது மட்டும்.

பிள்ளைகளின் சோகத்தை நோண்டுவது

"உன் மனசில் இருக்கிற கஷ்டத்தை வரை" என்று ஒரு பயிற்சி இப்போது பரவியிருக்கிறது. எங்கோ படித்துவிட்டு வந்து செய்கிறார்கள். ஒரு பிள்ளை வரைந்துவிட்டு அழுதால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுத்த வாரம் நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். தானாக ஏதாவது படத்தில் வந்து அது பயப்படும்படி இருந்தால், வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் நம் வேலை இல்லை.

படங்கள் பிள்ளைகளுடையவை. ஊரில் கண்காட்சி வைக்கிறேன் என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் போனில் எடுத்துப் போடுவதும் வேண்டாம், பெற்றோர் சரி என்று சொல்லாமல் எடுக்கவே வேண்டாம். நான் அந்தப் பத்துக் கதவுப் படத்தைக் கேட்டுப் பார்த்தேன். "அம்மாவுக்குக் காட்டணும் சேர்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கிளம்பும்போது "அடுத்த வருஷம் வருவேன்" என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் வாயில் தானாக வரும், பேருந்து கிளம்புகிற சத்தத்தில் சொல்லியும் விடுவோம். ஏற்காட்டில் ஒரு பையன் என்னிடம் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான், "அந்த வெள்ளைக்கார அக்கா எப்ப சார் வருவாங்க?" என்று. அவனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது.