சைக்கிள் ஷூ வாங்குமுன் பாதத்தை அளந்துகொள்ளும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஏறி, கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவு வரை சைக்கிளில் போய்வருகிறவர்களில் பலர் இப்போது பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவுக்கு மாற விரும்புகிறார்கள். அந்த வகை ஷூவைக் காலில் மாட்டிப் பார்த்து வாங்கும்படியான கடை எதையும் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இணையத்தில் வாங்குவதே வழி என்றாகிவிட்ட நிலையில், அளவை வீட்டிலேயே சரியாக எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

செருப்புக் கடையில் நாம் சொல்லிப் பழகிய எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் என்பவை இங்கிலாந்து அளவுகள். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. சைக்கிள் ஷூக்களோ பெரும்பாலும் 41, 42, 43 என்னும் ஐரோப்பிய அளவில் விற்கப்படுகின்றன. அங்கே ஒரு நம்பரின் இடைவெளி 6.7 மில்லிமீட்டர்தான். படிகள் ஒன்றோடொன்று பொருந்தாத இந்த இரு அளவுகளையும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி இணைத்துக் காட்டுவதால், ‘எட்டு என்றால் 42’ என்னும் கணக்கு ஓரிடத்தில் சரியாகவும் மற்றோரிடத்தில் பிழையாகவும் முடிகிறது. ஆகவே பழைய நம்பரை மறந்துவிட்டு, சென்டிமீட்டரில் பாத நீளம் குறித்திருக்கும் பட்டியலையே தேடுங்கள். உதாரணமாக, ஷிமானோ நிறுவனத்தின் பட்டியலில் 41க்கு 25.8 சென்டிமீட்டரும், 42க்கு 26.5 சென்டிமீட்டரும், 43க்கு 27.2 சென்டிமீட்டரும் பாத நீளமாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. சில விற்பனையாளர்கள் பாத நீளத்துக்குப் பதிலாக ஷூவின் உட்புற நீளத்தைத் தருவதுண்டு. அப்படியானால் உங்கள் பாத நீளத்தோடு 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை கூட்டிக்கொண்டு ஒப்பிட வேண்டும்.

பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அளவை மாலையில் எடுப்பதே நல்லது. சைக்கிள் ஓட்டும்போது அணியும் காலுறையைப் போட்டுக்கொண்டு, சுவரோடு ஒட்டி விரித்த தாளின் மேல் குதிகால் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் முழுமையாக விரியாது. குனிந்து நாமே குறித்தால் உடல் எடை ஒரு பக்கம் சாய்ந்து அளவு மாறும். வீட்டில் ஒருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடிப்பது முக்கியம், ஏனெனில் மூன்று மில்லிமீட்டர் பிழைகூட அரை நம்பரை மாற்றிவிடும். பலருக்குக் கட்டைவிரலை விட அடுத்த விரலே நீளமாக இருப்பதால், எது நீண்டிருக்கிறதோ அந்த விரலின் நுனியைக் குறிக்க வேண்டும். இரண்டு கால்களையும் அளந்து பெரியதன் அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தோடு பெரும்பாலோர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் அகலத்தில் இருக்கிறது. சிறுவயதில் வெறுங்காலோடும், பிறகு ரப்பர் செருப்போடும் நடந்து வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகன்றும் விரல்கள் விரிந்தும் இருக்கும். பந்தய ஷூக்கள் பலவும் ஒடுக்கமான அச்சில் செய்யப்படுபவை. எனவே கட்டைவிரலின் அடி எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து சுண்டுவிரலின் அடி மூட்டு வரை அகலத்தையும், அதே இடத்தில் தையல் டேப்பைச் சுற்றிச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அகலம் போதாதபோது ஒரு நம்பர் பெரியதாக வாங்குவது நம் எல்லோருக்கும் தோன்றும் தீர்வு. நானும் 42 பக்கவாட்டில் இறுக்கியதால் 43 வாங்கினேன், அது தவறாகப் போயிற்று. சைக்கிள் ஷூவின் அடிப்பாகத்தில் பெடலோடு பூட்டும் கிளீட் என்னும் உறுப்பைத் திருக வேண்டிய துளைகள், அந்த நம்பருக்குரிய பாதத்தின் முன்மேடு எங்கே அமையுமோ அதைக் கணக்கிட்டு வைக்கப்பட்டவை. ஷூ நீளமானால் குதிகால் பின்னால் தங்க, துளைகள் முன்னால் தள்ளிப்போகும். பெடல் விரல்களுக்கு அருகில் வந்துவிடுவதால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அளவுக்கு மீறி உழைக்கும். புளியரை ஏற்றத்தில் காலை மேலே இழுக்கும் ஒவ்வொரு முறையும் என் குதிகால் ஷூவுக்குள் எழும்பியது. அதைத் தடுக்க விரல்களை மடக்கிப் பிடித்து, மேலே சேர்வதற்குள் பாதம் மரத்துப்போனது. அகலம் வேண்டுவோர் அதே நீளத்தில் அகல வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஷிமானோ தன் சில மாதிரிகளை அகல வகையிலும் தருகிறது. லேக் நிறுவனமும் அகன்ற பாதங்களுக்கென்று தனி அச்சுகள் வைத்திருக்கிறது.

ஷூ வந்ததும் கிளீட்டைத் திருகிவிடாதீர்கள், ஏனெனில் அடிப்பாகத்தில் தடம் பதிந்த ஷூவைத் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது. துணி விரித்த தரையில், மாலை நேரத்தில், அரைமணி நேரமாவது அணிந்திருங்கள். ஓட்டப் பயிற்சி ஷூவில் விடுவதுபோல் முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விடத் தேவையில்லை. இதன் அடிப்பாகம் விறைப்பானது, நடக்கும்போது பாதம் மடங்கி முன்னே நகர்வதில்லை. ஆகவே விரல் நுனிக்கு முன் 5 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். விரல்களைத் தூக்கி அசைக்க முடிய வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது, பக்கவாட்டில் எரிச்சலோ மரப்போ தோன்றக் கூடாது. செயற்கைத் தோலாலான மேற்பாகம் நாளடைவில் விரிந்து கொடுக்கும் என்று நம்பி இறுக்கமானதை வைத்துக்கொள்ள வேண்டாம். அது மிகக் குறைவாகவே விரியும்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். எல்லையோர அஞ்சல் குறியீட்டு எண்கள் சிலவற்றுக்குப் பொருளைக் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் திரும்ப எடுத்துச் செல்ல வரமாட்டார்கள். அப்படியிருந்தால் தென்காசியிலோ புனலூரிலோ உள்ள உறவினர் முகவரிக்கு வரவழைத்து, அங்கேயே போட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துவரலாம்.