வயிற்றுக் குழாய்: பலூனில் ஒரு கண் இருக்கட்டும்

மாமிக்குப் பாரிசவாதம் வந்து விழுங்க முடியாமல் போனதிலிருந்து, மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டில் அவவுக்கு வயிற்றுக் குழாயில்தான், அதாவது வயிற்றில் துவாரம் போட்டு இரைப்பைக்குள் விட்ட குழாயில்தான், சாப்பாடு. முதலில் போட்ட குழாய் ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. மாற்றிப் போடும் குழாய் அவ்வளவு காலம் நிற்காது. அதை உள்ளே பிடித்து வைத்திருப்பது தண்ணீர் நிரப்பிய சின்னப் பலூன். இரைப்பை அமிலத்தில் கிடந்து அது நைந்துபோகும். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் தாங்கும். மாற்றிய திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

பலூன் தண்ணீரைக் கிழமைக்கு ஒருதடவை பாருங்கள், நேர்ஸ் செய்து காட்டிய பிறகு மட்டும். ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஊசி இல்லாத சிரிஞ்சைக் குழாயின் பலூன் வாயில் (பலூனுக்குத் தண்ணீர் விடும் வாய்) செருகி மெல்ல இழுங்கள். 5 மில்லி விட்ட இடத்தில் கொஞ்சம் குறைந்து வந்தால் பயமில்லை, சிலிக்கன் வழியே கசிவதுதான். கிருமி நீக்கிய தண்ணீரால் பழைய அளவுக்கு நிரப்புங்கள். சேலைன் விட்டால் உப்புப் படிந்து வாய் அடைக்கும். அடுத்த கிழமையும் நன்றாகக் குறைந்திருந்தால், அல்லது பால் நிறத்தில் ஏதும் வந்தால், பலூன் போய்விட்டது. குழாயைப் பிளாஸ்ரரால் வயிற்றோடு ஒட்டிவிட்டுக் கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு வாய் வேறு, பலூன் வாய் வேறு. உதவிக்கு வரும் சொந்தக்காரருக்கு இதை முதலில் காட்டிவிடுங்கள். ஆர்வக்கோளாறில் கஞ்சியைப் பலூனுக்குள் ஏற்றிவிடுவார்கள்.

அடைப்பு பெரும்பாலும் மருந்தால்தான். மாவாக்கக்கூடிய மாத்திரைகளைத் தனித்தனியே மாவாக்கிக் கரைத்து, முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விடுங்கள். அடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, கொஞ்சம் பொறுத்து, சிரிஞ்சின் தண்டை மெல்ல முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். கம்பி வேண்டாம். குழாயில் கறுப்புப் புள்ளிகள், மணி கோர்த்ததுபோல் வீக்கம் தெரிந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கலாம். கழுவிப் போகாது, மாற்றத்தான் வேண்டும்.

சரியான குழாய் கிடைக்காமல் சலக்குழாயை (சலம் எடுக்கப் போடும் குழாய்) தற்காலிகமாகப் போட்டு விடுவதும் உண்டு. அதற்குத் தோலோடு நிறுத்திப் பிடிக்கும் வெளித்தட்டு இல்லாததால் உள்ளே இழுபட்டு இரைப்பையின் வெளிவாசலை அடைக்கலாம். அப்போது நோயாளி வாந்தி எடுப்பார். தோல் மட்டத்தில் குழாயில் பேனையால் கோடு போட்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன் பாருங்கள். கோடு உள்ளே போயிருந்தால் சாப்பாடு கொடுக்காமல் டொக்டரைக் கேளுங்கள்.

குழாய் கழன்று விழுந்தால் துவாரம் சில மணித்தியாலத்தில் சுருங்கத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, விழுந்த குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். அளவு அதிலேயே எழுதியிருக்கும். துவாரம் போட்டு ஒரு மாதம் ஆகாவிட்டால் நீங்களாக எதையும் செருகவே கூடாது, இரைப்பைக்கு வெளியே போய்விடும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரவில் வாகனம் பிடித்து மண்முனைப் பாலம் கடந்து வர நேரமாகும். அடுத்த கிளினிக்கிலேயே டொக்டரிடம் கேட்டு, அதே அளவில் ஒரு குழாயை வீட்டில் வாங்கி வையுங்கள்.