ஒரே கூரை, இரண்டு அடுப்பு: பிரிந்த பிறகும் அதே வீட்டில் இருப்பவர்கள் தனி ரேஷன் கார்டும் உதவித்தொகையும் கேட்பது எப்படி

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் எங்கள் இ-சேவை மையத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். பெயர் நீக்கும் பக்கத்தைத் திறந்து விவரங்களைத் தட்டிவிட்டு, "அக்கா, ஓடிபி வந்திருக்கும் பாருங்க" என்றேன். போனைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அரை நிமிஷத்தில் அவருக்கு ஒரு அழைப்பு. கணவர். "ரேஷன் கார்டுலருந்து என் போனுக்கு நம்பர் வருது, இன்னா பண்ணிக்கினு கீற அங்க?" ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. வீடு மட்டும் ஒன்று. முன்னறையில் அவர், பின்கட்டில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும். அட்வான்ஸ் கொடுத்து வேறு வீடு பார்க்கக் கையில் காசில்லை. பேரணாம்பட்டில் தோல் ஷாப்புக்குப் போகிறவர், குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர் என்று இதே நிலையில் பலர் என் மேசைக்கு வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "ஒரே வூட்டுல இருந்துக்கினு தனி கார்டு குடுப்பாங்களா?"

கொடுப்பார்கள். வரிசை தப்பாமல் செய்தால்.

அரசாங்கம் எதை எண்ணுகிறது

தமிழ்நாட்டில் புதுக் குடும்ப அட்டைக்கு முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. விண்ணப்பிக்கும் குடும்பம் தனியாக வசித்துத் தனியாகச் சமைக்க வேண்டும். அதில் உள்ள யாருடைய பெயரும் வேறு அட்டையில் இருக்கக் கூடாது. தாலி, சண்டை, கோர்ட்டு எதுவும் இந்த நிபந்தனையில் வராது. எண்ணுவது அடுப்பைத்தான். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் இதே மாதிரிதான் சொன்னது: சேர்ந்து இருந்து சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், அல்லது ஒரே ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் ஒரு குடும்பம். நம் ஊரில் "தனி உலை வெச்சிட்டாங்க" என்று சொல்வோமே, ஏறக்குறைய அதேதான்.

"ஒரே கூரைக்குக் கீழ இருந்தா பிரிஞ்சதா ஒத்துக்க மாட்டாங்க" என்று யாராவது சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அந்தப் 'பிரிந்து வாழ்வது' கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதையே குறிக்கும், எந்த இடத்தில் வாழ்கிறார்கள் என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சுரேஷ்டா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. இது ரேஷன் கார்டுக்கான தீர்ப்பு கிடையாது. ஆனாலும் கவுன்டரில் யாராவது மடக்கினால் சொல்லிப் பார்க்க உதவும்.

படி 1: போன், ஆதார், பாஸ்புக்

மேலே சொன்ன அக்காவிடம் நான் செய்த தப்பு இதுதான். கார்டில் பதிந்திருக்கும் எண் யாருடையது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் அது கணவருடைய எண்ணாகத்தான் இருக்கும். ஆன்லைனில் என்ன செய்தாலும் ஓடிபி அங்கேதான் போகும்.

உங்கள் ஆதாரில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம். அடுத்து உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. அரசு உதவித்தொகை பொதுவாக ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். கணவரோடு சேர்ந்த ஜாயின்ட் கணக்கு இணைந்திருந்தால் உங்கள் பணத்தை அவர் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார். அப்புறம் என்னிடம் வந்து அழுது பிரயோசனமில்லை. தபால் ஆபீஸில் கணக்கு திறந்து ஆதாரை அதில் இணைத்துவிட்டால் போதும்.

படி 2: அடுப்பை உண்மையிலேயே பிரியுங்கள்

விண்ணப்பத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். விசாரணைக்கு வரும் அதிகாரி பார்ப்பது இதைத்தான்.

அந்த அக்கா வீட்டுக்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வந்த கதையைக் கேளுங்கள். பின்கட்டில் புது கேஸ் அடுப்பு பளபளவென்று இருந்தது. கண்ணாடி மேல் கடைக்காரன் ஒட்டிய விலை ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. ஆர்.ஐ. அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உப்பு ஜாடி எங்க?" என்று கேட்டிருக்கிறார். உப்பும் புளியும் மாமியார் சமையலறையில். அக்கா அதுவரை அங்கே போய் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வந்துதான் சமைத்திருக்கிறார். உண்மையிலேயே தனியாகத்தான் பொங்கித் தின்றார்கள், ஆனால் பார்க்கிறவருக்கு அது நாடகம் மாதிரித் தெரிந்தது. விண்ணப்பம் தள்ளுபடி. இரண்டாம் முறைதான் கிடைத்தது.

அதனால் அரிசி டப்பா, உப்பு, மிளகாய்த்தூள், பாத்திரம் எல்லாம் உங்கள் பக்கம் இருக்கட்டும். சிலிண்டர் கணவர் பெயரில் இருந்தால், இப்போதைக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கிக்கொள்ளலாம், அடையாள அட்டை காட்டினாலே கொடுப்பார்கள். பெரிய சிலிண்டர் இணைப்பு குடும்பத்துக்கு ஒன்று என்பதால் புதுக் கார்டு வந்த பிறகு கேட்பது சுலபம். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தாலும் சரி. மளிகைக் கடை பில், கேஸ் ரசீது ஆகியவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

படி 3: பழைய கார்டிலிருந்து பெயரை எடுப்பது

இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

கணவர் ஒத்துக்கொண்டால் வேலை சுலபம். ஓடிபியை அவர் சொல்லட்டும், உங்கள் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் நீக்கல் விண்ணப்பம் போடலாம். பிள்ளைகள் பெயர் ஒரே ஒரு கார்டில்தான் இருக்க முடியும். யாரிடம் வளர்கிறார்களோ அங்கே என்று முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆன்லைனை விட்டுவிடுங்கள். வட்ட வழங்கல் அலுவலருக்குக் கையால் எழுதிய மனு கொடுங்கள். நான் எழுதித் தரும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நானும் என் கணவரும் இன்ன தேதியிலிருந்து பிரிந்து, ஒரே கட்டடத்தில் தனித்தனிப் பகுதியில் வசித்துத் தனித்தனியே சமைத்து வருகிறோம். குடும்ப அட்டையில் உள்ள கைபேசி எண் அவருடையது என்பதால் இணையவழியில் விண்ணப்பிக்க இயலவில்லை. நேரில் விசாரித்து, என் பெயரையும் என் பிள்ளைகள் பெயரையும் நீக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். அவர் குடிக்கிறார், அடிக்கிறார் என்று நாலு பக்கம் எழுதாதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை வட்டம்தோறும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும், அங்கே கொடுத்தால் அதிகாரியையே நேரில் பார்க்கலாம். அசையவில்லையா, திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் போடுங்கள். ரேஷன் உதவி எண் 1967.

எந்த ஆபீஸ் என்பதிலும் ஒரு சிக்கல். நம் வட ஆற்காடு ஜில்லாவே பாகம் பிரிந்த குடும்பம்தானே. 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019 நவம்பர் 28-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வட்டக்காரர்கள் மட்டும்தான் இப்போது சத்துவாச்சாரிக்கு வர வேண்டும். ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர். பழைய பழக்கத்தில் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து இங்கே வந்து திரும்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது வேறு விஷயம், ஒரு நாள் கூலி போகுமே.

படி 4: புது விண்ணப்பம்

பெயர் நீங்கியது உறுதியான பிறகுதான் இது. முன்னாலேயே போட்டால், ஆதார் வேறு அட்டையில் இருக்கிறது என்று சிஸ்டமே திருப்பி அனுப்பிவிடும்.

குடும்பத் தலைவி இடத்தில் உங்கள் பெயர். 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமே வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்தான் தலைவி என்கிறது, தயங்க வேண்டாம். அட்டை வகை கேட்கும் இடத்தில் அரிசி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் 'பண்டமில்லா அட்டை'யைத் தட்டிவிட்டு வந்து நிற்கிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

முகவரிச் சான்றுக்கு வீட்டு வரி ரசீதோ கரண்ட் பில்லோ மாமனார் பெயரில் இருக்கும். உங்கள் பெயரிலுள்ள வங்கிப் பாஸ்புக்கில் அதே முகவரி இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். வீட்டுக்கு உரியவர் நல்ல மனதோடு இருந்தால் பின்கட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கலாம். அந்த அக்காவுக்கு மாமியாரே எழுதிக் கொடுத்தார். மகனோடு சண்டை, மருமகளோடு இல்லை.

குறிப்பு எண்ணைப் போனில் போட்டோ பிடித்து வையுங்கள். விசாரணைக்கு வருகிறவரிடம் கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள், அதனால் அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருப்பது நல்லது.

படி 5: பணம்

மகளிர் உரிமைத் தொகை: 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது வகுத்த விதிப்படி ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். பழைய கார்டில் மாமியார் வாங்கிக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்திருக்காது. தனிக் கார்டு வந்தால் நீங்களும் கேட்கலாம். ஆனால் எல்லா நாளும் விண்ணப்பம் வாங்க மாட்டார்கள், முகாம் அறிவிக்கும்போதுதான். நிராகரித்துக் குறுஞ்செய்தி வந்தால் 30 நாளுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு, இ-சேவையிலேயே போடலாம். ஏற்கெனவே உங்கள் பெயரில் வந்துகொண்டிருந்தால், கார்டு எண் மாறிய விவரத்தைத் தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஆயிரத்துக்காக மட்டும் பிரிந்தது போல் காட்டலாமா என்று ஜோடியாக வந்து கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் டைப் அடிப்பதில்லை.

கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் ஓய்வூதியம்: இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 30 வயது ஆகியிருக்க வேண்டும். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும், அல்லது கைவிட்டு 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது பிரிந்து வாழக் கோர்ட்டு உத்தரவு இருக்க வேண்டும். வேறு ஆதரவும் இல்லாதவராக இருக்க வேண்டும். 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆக்கினார்கள். முன்னறையில் கணவர் உட்கார்ந்திருக்கும்போது 'கைவிட்டுப் போய்விட்டார்' என்று வி.ஏ.ஓ. எழுத மாட்டார், எழுதச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். உங்களுக்குப் பொருந்துவது கோர்ட்டு வழிதான். பஞ்சாயத்தில் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கியதைக் கொண்டுவருகிறார்கள். பொதுவாக அது விவாகரத்து ஆகாது. உரிமைத் தொகையும் இந்த ஓய்வூதியமும் ஒருவரே வாங்க முடியாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

காப்பீடு: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இதுவும் குடும்ப அட்டையை ஒட்டித்தான். தனிக் கார்டு வந்ததும் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கிப் பதிந்துவிடுங்கள். அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு இதைத் தேடுவது கொடுமை.

படி 6: "வெளிய போ" என்றால்

போக வேண்டாம். 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைத் தருகிறது. வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181. ஜீவனாம்சத்துக்கு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் அது 144. வக்கீல் பீஸுக்கு யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்கு போன் போடுங்கள்.

படி 7: முதல் மாதம்

ஒரே முகவரி என்பதால் பெரும்பாலும் பழைய கடையேதான் வரும். முதல் தடவை நீங்களே போய்க் கைரேகை வையுங்கள், பில் குறுஞ்செய்தி உங்கள் போனுக்கு வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வாங்காததற்குப் பில் விழுந்திருந்தால் உடனே கேளுங்கள்.

அணைக்கட்டு அக்கா போனபோது வரிசையில் முன்னால் மாமியார் நின்றிருந்தாராம். "என்து போன மாசமே தீந்துப்போச்சி, சர்க்கரைய உன் கார்டுல சேத்து வாங்கிடும்மா" என்றிருக்கிறார். "அத்தை, அது வேற கார்டு, இது வேற கார்டு" என்று அக்கா சொல்லி, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் சர்க்கரை அளந்து கொடுத்திருக்கிறார்.