கழிவு ஆயிலில் உலை மூட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

சுவாமிமலை, நாச்சியார்கோவில் பக்கம் வார்ப்புப் பட்டறை வைத்திருப்பவர்களுக்குக் கரிச் செலவு கையைக் கடிக்கிறது. டிராக்டர், பம்ப்செட், அறுவடை இயந்திரம் ஆகியவற்றிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலோ மெக்கானிக் கடைகளில் பேரல் கணக்கில் சேர்கிறது. கிலோவுக்கு ஏறத்தாழ 10,000 கிலோகலோரி வெப்பம் தரும் சரக்கு அது. நல்ல பர்னரும் (ஆயிலை எரிக்கும் கருவி) ப்ளோவரும் (காற்றூதும் விசிறி) இருந்தால் செம்பு உருகும் 1,085 டிகிரி செல்சியஸை எட்டிவிடலாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் மலிவான டீசல் என்று நினைத்துக்கொண்டு இதில் இறங்குபவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

முதல் தவறு, அனுமதி வாங்காமல் ஆரம்பிப்பது. கழிவு மேலாண்மை பற்றிய 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவு. அதைச் சேமிக்கவும் பயன்படுத்தவும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் கரியோ எரிவாயுவோ போதும் என்று விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். டெல்டாவில் பெரும்பாலான தொல்லை இதில்தான் தொடங்குகிறது. ஐப்பசி மழையில் பேரலை வெளியில் நிமிர்த்தி வைப்பார்கள். மேல்விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறிய பேரல் இரவில் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, இறுக மூடியதாக நாம் நம்பும் மூடியின் புரி வழியாகவே அந்த நீரை உறிஞ்சிக்கொள்ளும். அது அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆயிலைப் பேரலின் அடியில் உள்ள குழாய் வழியாக எடுத்தால் முதலில் வருவது அந்த நீர்தான். சுடர் படபடத்து அணையும். பர்னர் சரியில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும் என்பதால், கொதிக்கும் உலைக்குள் அது எரியும் ஆயிலையும் வெளியே வீசும். பேரலைக் கூரைக்குள் வையுங்கள். சில நாள் அசைக்காமல் தெளியவிட்டு, அடியில் நிற்கும் நீரை வடித்து, மேலாக எடுத்துச் சல்லடையில் வடிகட்டுங்கள். சந்தேகம் இருந்தால் நன்கு சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். சடசடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது.

பற்றவைக்கும் வரிசையில் நடக்கும் தவறு ஆளையே கொல்லும். முதலில் ப்ளோவர், பிறகு சிறு சுடர், அதன் பிறகே ஆயில். நிறுத்தும்போது ஆயிலை முதலில் மூட வேண்டும்; ப்ளோவர் கடைசி. நடுவில் சுடர் அணைந்துவிட்டால் உடனே ஆயிலைத் திறந்து, சிவந்த சுவரே பற்றவைத்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சூட்டில் ஆயில் ஆவியாகி உலை முழுக்க நிரம்பி, ஒரே நேரத்தில் பற்றி வெடிக்கும். ஆயிலை மூடிவிட்டு, ப்ளோவரைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆவியை வெளியேற்றிய பிறகே மறுபடி தொடங்குங்கள். சீக்கிரம் பிடிக்கட்டும் என்று பெட்ரோல் ஊற்றுவதை எந்தப் பட்டறையிலும் அனுமதிக்காதீர்கள்.

மெக்கானிக் கடையில் எல்லாவற்றையும் ஒரே பேரலில் கொட்டுவார்கள். பிரேக் ஆயில், கூலண்ட், பாகங்களைக் கழுவிய ரசாயனம், பழைய டிரான்ஸ்பார்மர் ஆயில் எதுவும் கலந்திருக்கக் கூடாது. இவற்றில் சிலவற்றில் குளோரின் சேர்மங்கள் இருக்கும். எரிந்தால் நச்சுவாயு வரும். மூலம் தெரியாத ஆயிலை வாங்கவே வேண்டாம்.

கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது ஆயில் அதிகம். வெண்புகை என்றால் ஆயில் எரியாமல் ஆவியாகப் போகிறது. புகையே தெரியவில்லை என்பதற்காக நிம்மதி அடையவும் முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைச் சாரலுக்குப் பயந்து கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உலை மூட்டுவது பெரிய ஆபத்து.

ஆயில் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பலருக்குத் தெரியும். வாளியில் வைத்திருக்கும் மணல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஈர மணலிலோ ஈரத் தரையிலோ உருகிய உலோகம் சிந்தினால் அது தெறித்து ஆளைச் சுடும். மணல் வாளியை மூடி வையுங்கள். பவுடர் தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

உலையில் மிஞ்சும் சாம்பலில் ஆயிலின் துத்தநாகமும் எஞ்சின் தேய்மான உலோகங்களும் இருக்கும். பேரல் அடியில் தங்கும் சகதியும் அப்படித்தான். இரண்டையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். மூடிய டப்பாவில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள்.