கன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே தொலைக்காட்சி: தேர்ந்தெடுப்பது எப்படி?

விளையாடுவதற்காகத் தொலைக்காட்சி வாங்கக் கடைக்குச் செல்பவர்களில் பலர், அங்கே வரிசையாக மாட்டப்பட்ட திரைகளில் ஓடும் மயில்தோகையையும் நீருக்கடியில் நீந்தும் மீன்களையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கடையின் விளக்கு வெளிச்சத்துக்கு ஈடுகொடுப்பதற்காக நிறத்தையும் ஒளியையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள் என்பது ஒருபுறமிருக்க, அந்தக் காட்சி முன்பே பதிவு செய்யப்பட்டது. அது கால் விநாடி தாமதமாகத் திரைக்கு வந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியப்போவதில்லை. விளையாட்டில் அந்தக் கால் விநாடிக்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே திரையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன், அதன் பின்புறத்தில் எதைச் செருகப்போகிறோம், செருகியதை அது எவ்வளவு விரைவாகத் திரைக்குக் கொண்டுவரும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

முதலில், வீட்டில் இருக்கும் கருவிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கே தெளிவில் (முழு எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்) விநாடிக்கு 120 பிரேம்கள், அதாவது தனித்தனிப் படங்கள், வரை அனுப்பக்கூடியவை. நின்டெண்டோவின் பழைய ஸ்விட்ச் 1080பி (முழு எச்டி), 60 ஹெர்ட்ஸுடன் நின்றுவிடும்; ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு. 2025இல் வந்த ஸ்விட்ச் 2, டாக்கில் (தொலைக்காட்சியுடன் இணைக்கும் தாங்கியில்) வைத்தால் 4கே தெளிவில் 60 ஹெர்ட்ஸும், 1080பி அல்லது 1440பி தெளிவில் 120 ஹெர்ட்ஸும் தரும். கணினியைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டுதான் கணக்கு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும்தான் எச்டிஎம்ஐ 2.1, அதாவது கருவியைத் திரையோடு இணைக்கும் துளையின் புதிய தரம், வருகிறது. அதற்கு முந்தைய ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டை வைத்துக்கொண்டு 4கே 120 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுப்பது, கார்டையும் விரைவில் மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டுமே நியாயம்.

120 ஹெர்ட்ஸ் உண்மையில் தேவையா என்ற கேள்விக்கு, கன்சோல் மட்டும் வைத்திருப்பவருக்கு நான் உடனே ஆம் என்று சொல்ல மாட்டேன். கன்சோல் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்றும் 30 அல்லது 60 பிரேம்களில்தான் ஓடுகின்றன. 120இல் ஓடுபவை பெரும்பாலும் தெளிவைக் குறைத்துக்கொண்டே ஓடுகின்றன. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சில விளையாட்டுகளில் 40 பிரேம் என்றொரு நிலை இருக்கிறது. அது 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால்தான் திறக்கும். 60ஐ 40ஆல் மிச்சமின்றி வகுக்க முடியாது. 120ஐ வகுத்தால் சரியாக 3 வரும் என்பதே காரணம். 30இல் ஒரு பிரேமுக்கு 33.3 மில்லி விநாடி, 60இல் 16.7, இரண்டுக்கும் நட்ட நடுவே 25 மில்லி விநாடியில் வருவது இந்த 40தான். காட்சியழகும் குறையாமல் கட்டுப்பாடும் கனக்காமல் இருக்கும் நிலை அது. கணினியும் சேர்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். மவுஸை நகர்த்தும்போதே 120இன் அருமை தெரிந்துவிடும்.

ஆனால் “120 இருக்கு சார்” என்று கடையில் சொல்வதெல்லாம் ஒரே 120 அல்ல. சில பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும் “மோஷன்” என்று தொடங்கும் பெரிய எண்கள் நிறுவனங்களே வகுத்துக்கொண்ட அளவுகோல்கள். திரையின் வேகத்தோடு அவற்றுக்கு நேரடித் தொடர்பு இல்லை. எம்இஎம்சி என்பது இரண்டு பிரேம்களுக்கு நடுவே தொலைக்காட்சியே ஒரு பிரேமைக் கற்பனை செய்து நுழைக்கும் வித்தை; கிரிக்கெட் பார்க்க உதவலாம், விளையாட்டில் தாமதத்தைத்தான் கூட்டும். மூன்றாவது, அண்மைக் காலத்தில் குறைந்த விலைத் திரைகளில் அடிக்கடி தென்படும் டிஎல்ஜி. இதில் உள்ளே இருப்பது 60 ஹெர்ட்ஸ் பேனல்தான். இரண்டிரண்டு வரிகளை ஒரே நேரத்தில் இயக்கி, செங்குத்துத் தெளிவைப் பாதியாக்கி, அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு 120ஐ எட்டுகிறது. துப்பாக்கிச்சூட்டு விளையாட்டை வேகத்துக்காக மட்டும் ஆடுபவருக்கு இது பயனற்றது அல்ல. ஆனால் அசல் 4கே 120க்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. விவரத்தாளில் “4கே, 120 ஹெர்ட்ஸ் உள்ளீடு” என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், இல்லை என்றே கொள்ளுங்கள்.

“எச்டிஎம்ஐ 2.1” என்ற முத்திரையும் இதே போன்றதுதான். பழைய 2.0 விநாடிக்கு 18 ஜிகாபிட் வரை கடத்தும், 2.1 அதிகபட்சம் 48 வரை கடத்தும். ஆனால் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்கு எல்லா வசதிகளும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 120 ஹெர்ட்ஸே இல்லாத திரையும் 2.1 என்று சொல்லிக்கொள்ளலாம். எத்தனை துளைகளில் முழு வசதி இருக்கிறது என்பது அடுத்த சிக்கல். பல தொலைக்காட்சிகளில் நான்கு துளைகள் இருந்தும் இரண்டுக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. அந்த இரண்டில் ஒன்று, சவுண்ட்பாரை இணைப்பதற்கான ஈஆர்க் துளையாகவும் இருந்துவிடும். கன்சோல், கணினி, சவுண்ட்பார் மூன்றும் உள்ள வீட்டில் அன்றிலிருந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகும் வேலைதான். எல்ஜியின் சி வரிசை ஓஎல்இடி போல நான்கிலும் முழு வசதி தருபவை உண்டு. விலை கட்டுப்படியாகாவிட்டால், சவுண்ட்பாரை ஆப்டிகல் வயரில் இணைத்து ஈஆர்க் துளையை விடுவித்துக்கொள்ளலாம்.

தாமதத்துக்கு வருவோம். படத்தை அழகுபடுத்தும் செயலாக்கம் முழுவதும் நடந்துகொண்டிருக்கும்போது, சில தொலைக்காட்சிகள் பொத்தானின் அழுத்தத்தைத் திரையில் காட்ட 100 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆறு பிரேம்களுக்கு மேல் பின்தங்கி ஆடுவதற்குச் சமம் அது. கேம் மோடு அந்தச் செயலாக்கத்தை வெட்டிவிடுவதால், நல்ல திரைகளில் 60 ஹெர்ட்ஸில் தாமதம் 10 மில்லி விநாடியை ஒட்டி வந்துவிடுகிறது. கன்சோலை இயக்கியதும் தானாகவே கேம் மோடுக்கு மாறும் வசதிக்கு ஏஎல்எல்எம் என்று பெயர். வீட்டில் சீரியல் பார்ப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் இடையே ரிமோட் சண்டையைக் குறைப்பதற்காகவேனும் அது இருப்பது நல்லது. விஆர்ஆர் என்பது வேறு. கருவி அனுப்பும் பிரேம் வேகம் ஏறி இறங்கும்போது திரையும் தன் வேகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்வதால் படம் கிழிவதும் திக்குவதும் குறையும். பிளேஸ்டேஷன் 5 இதை 2022 ஏப்ரலில் பெற்றது. அதில் 48 முதல் 120 ஹெர்ட்ஸ் வரைதான் இது வேலை செய்யும் என்பதால், 60 ஹெர்ட்ஸ் திரையில் விஆர்ஆர் இருந்தாலும் கிடைக்கும் பயன் சொற்பமே. சில ஓஎல்இடி, விஏ வகைத் திரைகளில் (இந்த வகைகள் பற்றி அடுத்த பத்தியில்) விஆர்ஆர் இயங்கும்போது இருண்ட காட்சிகள் லேசாக மினுக்கும். அது பழுதல்ல என்று தெரிந்திருந்தால் சேவை மையத்துக்கு அலைய வேண்டியதில்லை.

பேனலைத் தேர்ந்தெடுப்பதில் அறையும் பழக்கமும்தான் நீதிபதிகள். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், அசைவில் இழுவல் இருக்காது. ஆனால் பகல் முழுவதும் வெயில் விழும் கூடத்தில் அந்தக் கறுப்பின் பெருமை பாதி போய்விடும். அத்துடன், நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் உருவங்கள் ஆண்டுக்கணக்கில் தழும்பாகப் பதியும் அபாயமும் உண்டு. விளையாட்டின் ஓரத்திலுள்ள வரைபடத்தைவிட விண்டோஸின் கீழ்ப்பட்டைதான் இதில் பெரிய எதிரி. அதே திரையில் தினமும் எட்டு மணி நேரம் அலுவலக வேலையும் பார்ப்பவருக்கு திரைக்குப் பின்னால் சிறு சிறு விளக்குகள் பகுதி பகுதியாக ஒளிரும் மினி எல்இடியைத்தான் பரிந்துரைப்பேன். இரவில் விளக்கணைத்துவிட்டு விளையாடுபவருக்கு ஓஎல்இடிக்கு நிகர் இல்லை. சாதாரண எல்இடி திரைகளில் ஐபிஎஸ் வகை பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், ஆனால் இருட்டுக் காட்சிகளில் நகரும் உருவங்கள் வால்விடும்.

கணினிக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது எழுத்து. பல தொலைக்காட்சிகள் நிறத் தகவலைச் சுருக்கிக் காட்டுவதால், நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து கரைந்தாற்போல் தெரியும். 4:4:4 எனப்படும் சுருக்காத நிறத்தை முழுமையாகக் காட்டும் திரையில் இந்தக் குறை இருக்காது. எல்ஜி, சாம்சங் போன்றவற்றில் அந்த உள்ளீட்டின் பெயரை “பிசி” என்று மாற்றினாலே இது சரியாகிவிடும் என்பது பலருக்குத் தெரியாத எளிய வழி. அளவையும் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம்: 48 அங்குல 4கே திரையின் புள்ளி அடர்த்தி, மேசையில் வைக்கும் 24 அங்குல முழு எச்டி மானிட்டரின் அடர்த்திக்குச் சமம், அங்குலத்துக்கு ஏறத்தாழ 92. மேசையில் வைத்துப் படிக்க 42, 43 அங்குலம் இதமானது. 55 அங்குலத்துக்கு மேல் சோபாவுக்குத்தான். கணினி மானிட்டர்களில் இருக்கும் டிஸ்பிளேபோர்ட் துளை தொலைக்காட்சிகளில் பொதுவாக இருக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 300 நிட்ஸ் வெளிச்சம் மட்டுமே தரும் திரையில் அது பெயரளவுக்குத்தான். எச்டிஆரிலேயே ஒரு வகையான டால்பி விஷனைப் பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகள் பயன்படுத்துவதில்லை, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் பயன்படுத்தும். ஆகவே பிளேஸ்டேஷன் மட்டும் வைத்திருப்பவர் விளையாட்டுக்காக அந்த முத்திரைக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

வாங்கி வந்த அன்றே சோதித்துவிடுங்கள். பல திரைகளில் உயர்தரச் சமிக்ஞை ஒவ்வொரு துளைக்கும் தனியாக இயக்கப்பட வேண்டும். சாம்சங்கில் “இன்புட் சிக்னல் பிளஸ்”, எல்ஜியில் “டீப் கலர்”, சோனியில் “என்ஹான்ஸ்டு ஃபார்மட்” என்ற பெயர்களில் அது ஒளிந்திருக்கும். வயர், கன்சோலுடன் வந்ததாகவோ “அல்ட்ரா ஹை ஸ்பீடு” சான்று ஒட்டியதாகவோ இருக்கட்டும். மூன்று மீட்டருக்கு மேல் நீளும் சாதாரண வயர்கள் 120இல் தடுமாறலாம். எக்ஸ்பாக்ஸின் அமைப்புகளில் உள்ள “4கே டிவி விவரங்கள்” பக்கமும், பிளேஸ்டேஷனின் வீடியோ வெளியீட்டுத் தகவல் பக்கமும், உங்கள் திரை எதை ஏற்கிறது என்பதை வரிவரியாகச் சொல்லிவிடும். சுவரில் மாட்ட வருபவர் அவசரப்படுத்துவார். மாட்டிய பிறகு துளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும், கை நுழையாது. எல்லாக் கருவிகளையும் அவற்றுக்குரிய துளைகளில் செருகி, ஒவ்வொன்றிலும் 120 வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு துளைக்கருவியை எடுக்கச் சொல்லுங்கள்.